செத்தவன் தலையில் பழி

ருமேனியாவில் பிரான் என்ற ஊரில் ஒரு மலைக்கோட்டை இருக்கிறது. அடிவாரத்தில் கடைகள்: டிராகுலா கோப்பை, டிராகுலா பனியன், கோரைப்பல் பொம்மை. சீட்டு வாங்கி மேலே ஏறினால் 'டிராகுலாவின் கோட்டை'யைப் பார்த்துவிட்டு வரலாம். 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் ருமேனியாவில் காலடியே வைத்ததில்லை. 'நிஜ டிராகுலா' என்று காட்டப்படும் பதினைந்தாம் நூற்றாண்டு மன்னன் விளாட் அந்தக் கோட்டையில் குடியிருந்ததும் இல்லை. இரண்டு பொய்யை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் டிக்கெட் கவுண்டர் வந்துவிடுகிறது.

விளாட் உத்தமன் என்று வாதாட நான் வரவில்லை. ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கழுவேற்றியவன். ஆனால் அவனைக் காட்டேரி என்று அவன் நாட்டார் சொன்னதில்லை. 1890 கோடையில் விட்பி என்ற இங்கிலாந்துக் கடலோர ஊருக்கு விடுமுறைக்குப் போன ஸ்டோக்கர், அங்கே நூலகத்தில் வில்கின்சன் என்பவர் 1820-ல் எழுதிய புத்தகத்தைப் புரட்டினார். அடிக்குறிப்பில் 'டிராகுலா' என்ற பெயர் கண்ணில் பட்டது. அதுவரை தன் வில்லனுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கவுண்ட் வாம்பயர்'. எடுத்தது பெயரும் நாலு வரிச் சரித்திரமும்தான். கழுமரத்தைப் பற்றி அவருடைய குறிப்பேடுகளில் ஒரு சொல் கிடையாது. இருந்தாலும் குற்றவாளி கிடைத்துவிட்டான். செத்து நானூறு வருஷத்துக்கு மேலானவன், மான நஷ்ட வழக்குப் போட மாட்டான்.

இது பழைய வழக்கம்தான். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1892-ல் மெர்சி பிரவுன் என்ற பத்தொன்பது வயதுப் பெண் காசநோயில் இறந்தாள். அம்மாவும் அக்காவும் அதே நோயில் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அண்ணன் எட்வின் இருமிக்கொண்டிருந்தான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஊர்ப் பெரியவர்களோ பிணங்களில் ஒன்று அண்ணனின் உயிரை உறிஞ்சுகிறது என்று தீர்ப்புச் சொல்லி, அப்பாவை நெருக்கிச் சம்மதிக்க வைத்தார்கள். குளிர்காலத்தில் இறந்தவள், உடல் கெடாமல் இருந்தது. அது போதாதா சாட்சிக்கு? இதயத்தை வெட்டியெடுத்து, பாறைமேல் வைத்து எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் இறந்தான். நியூ இங்கிலாந்தின் இந்தக் காட்டேரி வேட்டைகளைப் பற்றி 1896-ல் வந்த ஒரு பத்திரிகைத் துணுக்கு ஸ்டோக்கரின் குறிப்புகளில் இருக்கிறது.

அவர் முதலில் கேட்ட பேய்க்கதைகள் இதைவிடக் கிட்டத்தில் நடந்தவை. அம்மா ஷார்லட், அயர்லாந்தின் ஸ்லைகோ ஊர்க்காரி. 1832-ல் காலரா அந்த ஊரைத் தின்றபோது அவள் சிறுமி. பின்னால் மகனுக்காக அதை எழுதியே கொடுத்தாள். வழியில் நோய் கண்டு விழுந்த ஒரு வழிப்போக்கனைத் தொடப் பயந்து, ஊரார் குழி வெட்டி, நீளமான கழிகளால் அவனை உருட்டித் தள்ளி, மண்ணைப் போட்டு மூடினார்கள். மூடும்போது அவனுக்கு உயிர் இருந்தது. இதற்குக் கார்பாத்திய மலையும் ஓநாயும் எதற்கு?

ஸ்டோக்கர் பிறந்தது 1847 நவம்பரில், டப்ளின் பக்கத்தில். அயர்லாந்தில் அந்த வருஷத்துக்கே 'கறுப்பு நாற்பத்தேழு' என்று பெயர். உருளைக்கிழங்கு அழுகி, பஞ்ச வருஷங்களில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். கப்பலேறியது அவர்கள் மட்டுமல்ல. ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன, சில இடங்களில் ராணுவக் காவலோடு. அந்தக் கோடையில் கஞ்சித் தொட்டிகள் நாளுக்கு முப்பது லட்சம் பேருக்கு ஊற்றின. இலையுதிர்காலம் வந்ததும் அரசாங்கம் அவற்றை மூடியது. நிவாரணம் வேண்டுமா, கால் ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் நிலத்தை விட்டுக்கொடு என்று சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் வில்லியம் கிரெகரி என்ற எம்.பி., தாமே நிலக்கிழார். குடியானவன் நிலத்தை விட்டால் கஞ்சி, விடாவிட்டால் சாவு. ரத்தம் உறிஞ்ச இதைவிடச் சுத்தமான முறை உண்டா? சட்டையில் ஒரு சொட்டுக் கறை படாது.

ஸ்டோக்கர் நிலக்கிழார்களை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாவலைத் திறந்து பாருங்கள். கோட்டைக்கு முதலில் வரவழைக்கப்படுபவன் பூசாரி அல்ல, வக்கீல் குமாஸ்தா. கவுண்டின் அலமாரியில் சட்டப் புத்தகம், லண்டன் விலாசப் புத்தகம். லண்டன் பக்கம் சொத்து வாங்க வேண்டும், பத்திரம் முடிக்க வேண்டும். நடுவில் பறிகொடுத்த குழந்தையைக் கேட்டு வாசலில் கதறும் ஒரு குடியானவத் தாய்மேல் ஓநாய்கள் ஏவப்படுகின்றன. அதோடு அவள் கதை தீர்ந்தது. பக்கத்தைப் புரட்டினால் மறுபடி பத்திர வேலை.

ஸ்டோக்கருக்கு நெருக்கமாகத் தெரிந்த கோட்டை ஒன்று உண்டு. டப்ளின் கோட்டை, அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷாரின் தலைமைச் செயலகம். அப்பாவும் அங்கே குமாஸ்தா, மகனும் அங்கே குமாஸ்தா. சிறு நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகள் பற்றி ஒரு கையேடுகூட எழுதினார், 1879-ல் வெளிவந்தது. டிராகுலாவைத் தேடிப் போகிறவர்கள் அதைப் பிரித்ததில்லை. கோரைப்பல் இல்லாத புத்தகம்.

பஞ்ச நிவாரணத்துக்கு லண்டன் கஜானாவில் பொறுப்பாளராக இருந்தவர் சார்லஸ் டிரெவெலியன். பஞ்சம் கடவுள் அனுப்பிய பாடம் என்பது அவர் கருத்து. பிணங்கள் விழுந்துகொண்டிருந்த 1848-லேயே 'சர்' பட்டம் கொடுத்தார்கள். பிறகு இந்த இரண்டு பெரிய மனிதர்களையும் நம்மிடமே அனுப்பிவைத்தார்கள். கால் ஏக்கர் கிரெகரி 1872-ல் இலங்கைக்குக் கவர்னர். நுவரெலியாவில் அவர் பெயர் கொண்ட ஏரியில் இன்றும் குடும்பம் குடும்பமாகப் படகு விடுகிறார்கள். டிரெவெலியன் 1859-ல் மதராஸ் கவர்னர். வந்த மறுவருஷமே வேலை போனது. அயர்லாந்துக்காக அல்ல, மேலிடம் கொண்டுவந்த வருமான வரியை எதிர்த்துத் தாம் எழுதியதைப் பத்திரிகைக்குக் கொடுத்ததற்காக. அதுவல்லவோ மன்னிக்க முடியாத குற்றம். 1862-ல் இந்திய அரசாங்கத்தின் நிதிப் பொறுப்போடு கல்கத்தாவில் வந்து இறங்கினார். காட்டேரி எழுந்து வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் பிரான் கோட்டைக்குச் சீட்டு வாங்க வேண்டாம், இவருடைய பணிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கட்டும்.