என்ன போட்டிருக்கான்?

ரயில் மாமா ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருந்தும் எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வரும் ஸ்டேஷன் மாஸ்டர்கள், முதல் வாரத்தில் அவரை ஏதோ மேலதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றுவிடுவார்கள். ஊர் திண்டுக்கல் – மதுரை பாதையில் இருக்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அப்புறம் அத்தைக்குப் பதில் சொல்லி மாளாது.

ரயில்வே வேலைக்கு முயலாமல் இல்லை. எழுபதுகளில் ஃபயர்மேன் வேலைக்கு மனுப் போட்டு, எழுத்துத் தேர்விலும் தேறி, கண் பரிசோதனைக்குப் போய் உட்கார்ந்தார். டாக்டர் கலர் கலராகப் புள்ளிகள் இறைந்து கிடக்கும் புத்தகத்தைத் திறந்து, "இதுல என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டிருக்கிறார். மாமா கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "நம்பரா? எங்கே சார்?" எந்த வண்டியின் நம்பரைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்லக்கூடிய மனிதர், ஒரே ஒரு நம்பர் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினார். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான்.

மீட்டர் கேஜ் இருந்தவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அப்போது கைகாட்டி மரம். கை நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்க வேண்டும், கீழே சாய்ந்தால் போகலாம். பகலில் இதற்குக் கலர் எதற்கு? அகலப்பாதை வந்தபோது கைகாட்டியைப் பிடுங்கிவிட்டு விளக்குக் கம்பம் நட்டார்கள். எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது அப்போதுதான். எட்டு வயசு.

"என்ன போட்டிருக்கான் மாப்ளே?"

"பச்சை, மாமா."

ஒரு பச்சைக்கு ஒரு கடலை மிட்டாய். மஞ்சளுக்குப் பாதி. சிவப்புக்கு ஒன்றும் கிடையாது. சிவப்புப் போட்டதே நான்தான் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கண் விட்டதையெல்லாம் காது பிடித்து வைத்திருந்தது. டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது போடும் சத்தத்தைக் கேட்டே அது மீட்டர் கேஜின் ஒய்.டி.எம்.4-ஆ, பிராட் கேஜின் டபிள்யூ.டி.எம்.2-ஆ என்று சொல்லிவிடுவார். எனக்கு எல்லாம் ஒரே டுகுடுகுதான். "அது ஆறு சிலிண்டர், இது பதினாறு. உங்க அத்தை இட்லிக்கு ஆட்டுறதுக்கும் சட்னிக்கு ஆட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்பார். இரண்டின் மூலமும் ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி. அது என்றைக்கோ மூடிவிட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் மாமாவின் குரல் துட்டி வீட்டுக் குரலாக இறங்கும்.

கல்யாணமான புதிதில் அத்தையை ஊட்டிக்குக் கூட்டிப் போனார். அப்படித்தான் சொல்லிக் கூட்டிப் போனார். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினார்கள். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஒவ்வொன்றையும் அத்தை எண்ணிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வந்துவிடும். எஞ்சின் பின்னால் இருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும். அதைப் பார்க்கவும், தண்ணீர் பிடிக்க நின்ற இடமெல்லாம் இறங்கி எஞ்சினைத் தொட்டுக் கும்பிடவும் மாமா போய்விட்டார். ஊட்டியில் இறங்கி ஆளுக்கு ஒரு டீ. பிறகு அதே வண்டியில் இறக்கம். "ஏற்றத்துல தள்ளுற எஞ்சின் இறக்கத்துல எப்படித் தாங்குதுன்னு பாக்க வேணாமா?" ஏரி, பூங்கா, தொட்டபெட்டா எதையும் அத்தை பார்க்கவில்லை. ஊட்டி எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் "டீ நல்லா இருந்துச்சு" என்பார்.

மாமாவின் பேச்சுக்குத் தனி அகராதி வேண்டும். மாயவரத்தில் வாக்கப்பட்ட அக்காவை அவர் 'எம்.வி. அக்கா' என்பார். ஊர் மயிலாடுதுறையாகி எத்தனையோ வருஷமாகிவிட்டதே என்றால், ஸ்டேஷன் கோடு மாறவில்லையே என்பார். திருச்சி அவருக்கு டி.பி.ஜே. மெட்ராஸ் சென்னையானது, சென்ட்ரலுக்கு 2019-ல் எம்.ஜி.ஆர். பேரும் வந்தது. கோடு எம்.ஏ.எஸ்.தான். "ரயில்வேக்காரன் அவசரப்பட்டு எதையும் மாத்த மாட்டான்" என்பதில் அவருக்குப் பெருமை.

வைகை எக்ஸ்பிரஸ் முதன்முதலாக ஓடியது 1977 ஆகஸ்ட் 15. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு நாடே கொடியேற்றி மிட்டாய் கொடுப்பது வைகைக்காகத்தான் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன், அப்படித்தான் சொல்லியிருந்தார். மதுரையிலிருந்து புறப்படும் வைகைக்கு நம்பர் 2636. அவருடைய ஏ.டி.எம். ரகசிய எண்ணும் அதுவே. வீட்டில் பால்காரருக்குக்கூடத் தெரியும். 2010 டிசம்பரில் ரயில் நம்பரெல்லாம் ஐந்து இலக்கமாகி, வைகை 12636 ஆனது. பேங்க் மிஷின் நாலுக்கு மேல் வாங்கவில்லை என்று ஒரு வாரம் கோபமாக இருந்தார்.

அதே டிசம்பரின் கடைசி நாளோடு மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதையை மூடினார்கள். மாமா கடைசி வண்டியில் போய்விட்டுக் கைப்பிடி ஜல்லியோடு வந்தார். அது ரயில்வே சொத்து என்று அவருக்கே சட்டம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் பூஜை அலமாரியில் வைக்க, அத்தை ஏதோ மலைக்கோயில் கல் என்று நினைத்துச் சந்தனம் வைத்துப் பூப்போட்டு வந்தார். 2022-ல் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடிக்கும் அகலப்பாதையில் ரயில் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் மாமா உண்மையை உடைத்தார். அத்தை அசரவில்லை. "கும்பிட்டதுக்குத்தானே ரயிலு வந்திருக்கு?" ஜல்லிக்கு இன்றும் தினமும் பூ உண்டு.

எங்கள் பாதையில் மின்சார எஞ்சின் வந்த பிறகு மாமா கொஞ்சம் அடங்கிவிட்டார். "எல்லாம் ஃபிரிட்ஜ் மாதிரி ம்ம்ம்ங்குது, இதுல என்னத்தக் கேக்க?" ஆனாலும் காலை வைகைக்கு பிளாட்பாரம் டிக்கெட் எடுக்கத் தவறுவதில்லை. போன மாதம் ஊருக்குப் போனபோது நானும் கூடப் போனேன், எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு.

"என்ன போட்டிருக்கான் மாப்ளே?"

பச்சைதான் எரிந்தது. ஒரு விளையாட்டுக்கு, "சிவப்பு, மாமா" என்றேன்.

"பொய்."

"எப்படி?"

"கேட்டைப் பூட்டினாத்தான் சிக்னல் விழும். கேட்டு விழுந்து ரெண்டு நிமிசமாச்சு. அங்க பைக்குக்காரன் ஆரன் அடிச்சிட்டு நிக்கிறது கேக்கலையா?"

கேட்டது. முப்பது வருஷமாக அந்த ஆரன் எனக்கும்தான் கேட்டிருக்கிறது.

"அப்ப இத்தனை வருசமா என்கிட்ட எதுக்கு மாமா கேட்டீங்க?"

அவர் வாயசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. வைகை நிற்காமல் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியின் பின்னால் எக்ஸ் குறி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"சிக்னல் விசயத்துல பொய் சொன்னவன் டூட்டில இருக்கக் கூடாது" என்றார். அந்த இடத்திலேயே என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டு, என் மகளை நியமித்தார்.

அவளுக்குச் சம்பளம் டெய்ரி மில்க். மஞ்சளுக்கும் முழுசு.