பட்டா நம் பேரில், பாத்தியதை குழாய் பேரில்

கேள்வி: சேலம், நாமக்கல் தோட்டங்களில் எரிவாயுக் குழாய் பதிக்கச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம்தானே? (வாசகர், சங்ககிரி)

பதில்: இல்லை. 2006 அறிவிக்கைப்படி தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழல் கூருணர்வுப் பகுதி வழியே குழாய் போனால்தான் அந்த மதிப்பீடும் முன் அனுமதியும். நாம் மஞ்சள் விளையும் நிலத்தையும் காடு என்கிறோம். சட்டத்துக்கு அந்தக் கொங்குத் தமிழ் தெரியாது.

மத்திய அரசு நிறுவனமான கெயிலின் கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய்க்குத் தமிழகத்தின் 7 மேற்கு மாவட்டங்களில் சுமார் 310 கி.மீ. குறித்தார்கள். சாலையோரமாகக் கொண்டுபோகச் சொன்னார் ஜெயலலிதா, 2013இல். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. குழாய் பதிப்பதற்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் நமதே, ஆனால் பயன்பாட்டு உரிமை குழாய்க்கு. குழாய் போகும் பட்டையில் கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. தென்னையும் கிணறும் இல்லாமல் நம்மூரில் தோட்டம் ஏது? ஒரு ஏக்கர்காரருக்கு அந்தப் பட்டைதான் பிள்ளையின் படிப்பு. எந்த மதிப்பீடும் முதலில் அளக்க வேண்டியது இதைத்தான்.

2020 ஜனவரியில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்கும் மதிப்பீடு, கருத்துக்கேட்பு இரண்டையும் நீக்கியது. அடுத்த மாதமே காவிரி டெல்டாவைக் காக்கத் தமிழக அரசு சட்டம் போட்டது, நல்லது. அந்த டெல்டாவுக்குத் தண்ணீர் அனுப்பும் மேட்டூர் எங்கே இருக்கிறது? சேலம் மாவட்டத்தில். அந்தச் சட்டத்தில் சேலம் இல்லை.