சேட்டிபிக்கற் பிள்ளை

மன்னார்ப் பாடசாலைகளில் வகுப்புக்கு ஒன்றாவது அகப்படும் மாணவ வகை, சேட்டிபிக்கற் பிள்ளை. சவேரியார், சித்திவிநாயகர், அல்-அஸ்ஹர், பேசாலை பத்திமா எனப் பாடசாலை எதுவானாலும் இலக்கணம் ஒன்றுதான். ஆண்பாலிலும் உண்டு, பெண்பாலிலும் உண்டு. தாயோ தகப்பனோ ஆசிரியராக இருந்துவிட்டால் வகை முற்றிவிடும். அடையாளம், கையிலிருக்கும் சான்றிதழ் பைல். வீட்டில் அதன் இடம் நகை வைக்கும் அலுமாரித் தட்டு. காணி உறுதி அதற்குக் கீழேதான்.

இந்த வகை செழித்து வளரும் பருவம் தமிழ்மொழித் தினப் போட்டிகள். பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிகள் ஐந்து. மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு என இரண்டு கல்வி வலயங்கள் இருப்பதால் வலய முதலிடங்களும் இரண்டு. இது பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். வழுக்குவது மாகாணப் படியில், யாழ்ப்பாணத்தார் வந்து நிற்கும் இடத்தில். தோல்விக்கான காரணம் திரும்பி வரும் பஸ் சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டுமுன் தயாராகிவிடும்: நடுவரில் ஒருவர் அந்தப் பக்கத்து ஆள்.

கட்டுரைப் போட்டிக்கென்று இந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு கட்டுரைதான் உண்டு, தலைப்புகள்தான் வேறுவேறு. அதன் நடுவில் பள்ளிமுனைப் பெருக்கமரம் நிற்கும். அராபிய வணிகர் கொண்டுவந்தது, அடிமரத்துச் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். தலைப்பு சுற்றாடல் என்றால் மரம் தானாகவே வந்துவிடும். இன ஒற்றுமை என்றால் அதன் நிழல் எல்லாருக்கும் பொது. தகவல் தொழினுட்பம் என்றாலும் பயமில்லை, அந்த நிழலில் இளைஞர்கள் கைபேசி பார்த்துக்கொண்டிருப்பார்கள். புள்ளிவிபரம் வேண்டுமென்றால் தம்பபவனி காற்றாலை: 2020, 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற். காற்றாலைக்கு ஆதரவாக எழுதவும் வங்காலைக்கு வரும் வலசைப் பறவைகளின் பேரில் எதிர்த்து எழுதவும் ஒரே பந்தி போதும். கடைசி வசனத்தை மாற்றினால் சரி. புள்ளியிடும் ஆசிரியர்களும் தங்கள் காலத்தில் இதே மரத்தைச் சுற்றி வந்தவர்கள்தாம். ஆகையால் புள்ளி குறைவதில்லை.

அடுத்தது சமூகசேவை. சாரணர், சென் ஜோன் முதலுதவி, செஞ்சிலுவை, சுற்றாடல் முன்னோடி ஆகிய எல்லாவற்றிலும் பெயர் இருக்கும்; எல்லாம் ஒரே சனிக்கிழமை கூடினால் மட்டும் சிக்கல். சிரமதானத்தின் வரலாறும் மனப்பாடம்: கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் மாணவர்களைக் கனத்தொலுவைக் கிராமத்துக்கு அழைத்துப்போய்த் தொடக்கியது, பிறகு அதுவே சர்வோதயம் ஆனது. மண்வெட்டி பிடிக்க இந்த வரலாறு உதவாது என்பது கீரிக் கடற்கரையில் தெரியவரும். அங்கே உரப்பையின் வாயை ஒருவர் விரித்துப் பிடிக்க, பிள்ளை ஒரு யோகட் கோப்பையை எடுத்து, முகத்தைக் கமராப் பக்கம் திருப்பிக்கொண்டு பைக்குள் போடும். படம் சரிவராவிட்டால் கோப்பை மறுபடி மணலுக்கு வரும், மறுபடி எடுக்கப்படும். ஒரே கோப்பை நாலு தரம் அகற்றப்பட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. கட்டிவைத்த பைகளை மன்னார்க் கழுதைகள் இரவோடிரவாகப் பிய்த்துவிடும். அடுத்த மாதச் சிரமதானத்துக்கு ஆகவேண்டிய ஏற்பாடும் அத்துடன் முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்த வகையைக் கேலி பண்ணுபவர்கள் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவில் அதைப் பார்த்ததில்லை. அந்தச் சன நெரிசலில், வெயிலில், தாயைத் தவறவிட்ட ஒரு மூன்று வயதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கி இருக்கும் இடத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்குமாக நடந்தபடி இருக்கும். சீருடையில் சளி வழிந்திருக்கும். படமெடுக்க ஒருவரும் இல்லை. பிள்ளைக்கு அந்த நினைவும் இல்லை.

பரிசளிப்பு விழா அறுவடைக் காலம். முதற்தரம் பெயர் வாசிக்கப்படும்போது மண்டபம் முழுக்கக் கைதட்டும். மூன்றாம் தரம் பாதி. ஐந்தாம் தரம் தாய் மட்டும். பிரதம விருந்தினர் "திரும்பவும் நீரா?" என்பார். சான்றிதழில் 'ர' கரம் 'ற' கரமாகிவிட்டால் தகப்பன் லீவு போட்டுக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு அலையவேண்டும். திருத்திய பிரதி வரும்போது தலையெழுத்து பிழைத்திருக்கும்.

உயர்தரத்தோடு பைலின் மவுசு இறங்குகிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்ப்பது மூன்று பாடங்களின் இசட் புள்ளியை. லமினேற் பண்ணிய தாள்கள் அதைத் தசமத்தின் கடைசி இலக்கத்தில்கூட அசைப்பதில்லை. பைலுக்கு மிஞ்சியிருப்பது கல்வியியற் கல்லூரி நேர்முகத்தேர்வு. அங்கே இருப்பவர் தாள்களை மளமளவென்று புரட்டிவிட்டு, தேசிய மட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். ஒன்று இருக்கும்: தரம் 8இல், குழு இசையில், பின்வரிசையில் நின்று வாயசைத்ததற்குக் கிடைத்தது.