தோட்டத்து லோரியும் கடற்கரைக் கட்டணமும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடல் வருஷத்தில் ஒரு நாள். சிலியாவ், பிராட்வால், சுவா பெத்தோங், லிங்கி என்று போர்ட்டிக்சனுக்குப் பின்னால் விரிந்து கிடந்த கித்தாத் தோட்டங்களில் அறுபதுகளில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கடல் அப்படியொன்றும் தூரமில்லை. எங்கள் தோட்டத்து மேட்டில் ஏறி நின்றால், மரங்களுக்கு அப்பால் மலாக்கா நீரிணை ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆனால் அங்கே போக லோரி வேண்டும். லோரிக்குத் துரையின் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவைக் கேட்டு வாங்கித் தரப் பெரிய கிராணி மனம் வைக்கவேண்டும். அவர் மனம் வைத்த வருஷத்தில் கடலுக்குப் போனோம். வைக்காத வருஷத்தில் போகவில்லை.

போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் பெண்கள் கூடி லோரியைக் கழுவுவார்கள். எத்தனை வாளி ஊற்றினாலும் ஒட்டுப்பால் நாற்றம் போகாது. விடியுமுன்னே புளிச்சோறும் நெத்திலி சம்பலும் அவித்த முட்டையும் கட்டி, பிஸ்கட் டின்னில் தேத்தண்ணியை ஊற்றி மூடி, லயத்துச் சனம் மொத்தமும் ஏறிவிடும். பெரியவர்கள் ஓரங்களில், பிள்ளைகள் நடுவில். தெலுக் கெமாங் கடற்கரையில் லோரிக்கார அண்ணன் தனக்குப் பிடித்த சவுக்கு மர நிழலில் வண்டியை நிறுத்துவார். இங்கே நிறுத்தாதே என்று சொல்ல ஆளில்லை. காசு கேட்டும் யாரும் வரமாட்டார்கள். கரை நெடுகச் சவுக்கு மரங்களும் மணலும் நாங்களும்தான்.

எங்கள் பாட்டி தண்ணீரில் இறங்கமாட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈரமணலில் நின்று, நாகப்பட்டினம் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். யாராவது வடமேற்கே கை காட்டுவார்கள். அந்தத் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஊரில் விட்டுவந்த தன் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பாள். ரஜூலா போன்ற கப்பல்களில் வந்து இறங்கிய தலைமுறைக்கு, திரும்பிப் போகமுடியாத ஊருக்கு மிகப் பக்கத்தில் இருந்த இடம் அந்தக் கரைதான். கோயில் தோட்டத்திலேயே இருந்தது. கடல் அங்கே இல்லையே.

அந்தக் காலத்தில் கரை எல்லாருக்கும் இலவசம் என்று இப்போது பலர் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். இலவசம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் வருஷத்தில் மற்ற நாள்களெல்லாம் அது எங்களுக்கு மூடியே கிடந்தது. கட்டணம் இல்லாததால் நாங்கள் அங்கே போய்விடவில்லை. லோரி கிடைத்ததால் போனோம்.  கரையில் வண்டி நிறுத்தக் கட்டணம் வைப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருகிறது. வந்துபோக வழி யாருக்கு இருக்கிறது என்று கேட்காமல், பத்து வெள்ளியா இரண்டு வெள்ளியா என்று மட்டும் பேசினால் பாதிப் பேச்சுதான் பேசியதாகும்.

பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் சில இடங்களில் போய்த் தாமான்கள் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபோயின. 1985இல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரோடுவா கன்சிலும் வந்தபின், பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் தவணை கட்டிக் காடி வாங்கினார்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கிராணியிடம் கேட்காமல், நினைத்த நேரத்தில், அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கடலுக்குப் போகமுடிந்த முதல் தலைமுறை எங்களுடையது. இப்போது என் வீட்டிலிருந்து கரைக்குப் பத்து நிமிஷம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தால் நிறுத்த இடமில்லை. லோரி இல்லாமல் போகமுடியாதிருந்த கரைக்கு இன்று காடி இருப்பதாலேயே போகமுடியவில்லை.

கோலாலம்பூரிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய நகரத்துக்கு ஒரு பகலில் வந்துபோகத் தோதான கடல் இது. பள்ளி விடுமுறையில் லுக்குட்டிலிருந்தே காடிகள் ஊர்ந்து வரும். 2021 அக்டோபர் 11ஆம் தேதி, பெருந்தொற்றுக் காலத்து மாநில எல்லைத் தடை நீங்கியதும் நகரத்துச் சனம் முதலில் ஓடிவந்த இடங்களில் இதுவும் ஒன்று. அவர்கள் வரவேண்டும். வந்தால்தான் எங்கள் அக்கா அடுப்பு மூட்டமுடியும்.

அக்கா கரையோரம் அங்காடிக் கடை வைத்திருக்கிறாள். வடை, மீ கோரெங், தே தாரிக். கட்டணம் வைத்தால் கடைக்காரர்கள்தான் முதலில் எதிர்ப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

“காலையில எட்டு மணிக்கு வந்து நிக்கிற காடி விளக்கு வைக்கிற வரைக்கும் நகராது தம்பி. கூடாரம், அடுப்பு, ஊறவச்ச கோழி, தண்ணி போத்தல், எல்லாம் வீட்டிலயிருந்தே வந்திடுது. அதை நான் தப்பு சொல்லல, நாமளும் அப்படித்தானே லோரியில போனோம். ஆனா என் கடைக்கு வர்றவங்க யாரு? ஒரு மணி நேரம் காலாற நடந்துட்டு, ரெண்டு வடையும் ஒரு தேயும் குடிச்சிட்டுப் போறவங்க. அவங்க ரெண்டு சுத்து சுத்திப் பார்க்குறாங்க, இடமில்லன்னு அப்படியே போயிடுறாங்க.”

ஆக, கடைக்கு முன்னால் உள்ள இடம் மணிக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குக் கட்டணம் வந்தாலும் பரவாயில்லை என்பது அவள் கட்சி. அவளுடைய மகன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கரையோர விடுதி ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறான்.

“மாமா, எட்டு மணி நேரம் காடி நிறுத்துறவன் சுற்றுப்பயணி மட்டுமில்ல, நானும்தான். ஷிப்ட் முடிய ராத்திரி பதினொண்ணு. அந்த நேரத்துக்கு எந்த பஸ் வருது?”

அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு நாளுக்கு ஐந்து வெள்ளிதான் கட்டணம் என்று வைத்துக்கொண்டாலும், 26 நாள் வேலைக்கு 130 வெள்ளி. சம்பளத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு, காடி சும்மா நின்றதற்காகவே போய்விடுகிறது. கோலாலம்பூரிலிருந்து வருகிறவருக்கு அந்த ஐந்து வெள்ளி பெட்ரோலோடும் சுங்கச் சாவடிக் காசோடும் சேர்ந்து கரைந்துவிடும். வேலைக்காரப் பிள்ளைக்கு அது வாரக் கடைசி மீன்குழம்பு.

கரைக்குப் பின்னாலிருக்கும் சந்துகளில் குடியிருப்பவர்கள் பாடு தனி. கரையில் கட்டணம் என்றால், காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் காடியைச் சந்துக்குள் விடுவார்கள். கேட்டை மறித்துப் போட்டுவிட்டு அலைச் சத்தத்தில் போன் அடிப்பதும் கேட்காமல் கிடப்பார்கள். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர். நீண்ட விடுமுறை வந்தால் முதல் நாள் இரவே தன் காடியைப் பிரதான சாலையில் நிறுத்திவிட்டு, மறுநாள் காலை அதுவரைக்கும் நடந்துபோகிறார். கட்டணத் திட்டம் போடுகிறவர்கள் கரைக் கோட்டோடு வரைபடத்தை நிறுத்திவிட்டால் இவருடைய கேட் அதில் வராது.

கட்டணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் எந்த நாளில், யாரிடம், எதற்காக என்பது முக்கியம். இந்த நாட்டு ஊராட்சி மன்றங்கள் பலவற்றில் ஞாயிறும் பொது விடுமுறையும் கட்டணமில்லாத நாள்கள். அலுவலகமும் வங்கியும் உள்ள பட்டணத்துக்கு அது சரி, அன்றைக்குச் சாலை காலியாக இருக்கும். அதே விதியைக் கடற்கரையில் போட்டால் என்ன ஆகும்? கரை காலியாகக் கிடக்கும் செவ்வாய்க்கிழமை, மூட்டுவலிக்கு மணலில் நடக்க வரும் உள்ளூர்ப் பாட்டி காசு கட்டவேண்டும். இடத்துக்கு அடிபிடி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை கூடாரக்காரர் சும்மா நிறுத்தலாம். கடற்கரைக்கு இந்த அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பவேண்டும்.

வாங்கிய காசு எங்கே போகிறது என்பது அடுத்தது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுக்க வாகன நிறுத்தத்தையே ஆராய்ந்தவர். அவர் அடிக்கடி காட்டிய எடுத்துக்காட்டு கலிபோர்னியாவின் பழைய பாசடினா. 1993இல் அங்கே மீட்டர் வைத்தபோது கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். அந்தப் பணம் அந்தத் தெருக்களுக்கே திரும்பும் என்று உறுதி தந்தபின் ஒத்துக்கொண்டார்கள். நடைபாதை புதிதானது, விளக்கு வந்தது, பின்சந்துகள் சுத்தமாயின, வியாபாரமும் வளர்ந்தது. நம் பக்கத்து மாநிலத்தில் நடந்ததையும் பார்த்தோம். சிலாங்கூரில் 2025இல் ஷா ஆலம், சுபாங் ஜெயா, சிலாயாங் பகுதிகளின் வாகன நிறுத்தத்தைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்தபோது, வருமானத்தில் 50 விழுக்காடு அந்த நிறுவனத்துக்கு, 40 விழுக்காடு மன்றங்களுக்கு, 10 விழுக்காடு மாநில அரசின் துணை நிறுவனத்துக்கு என்று பங்கு பிரித்தார்கள். மக்கள் கோபப்பட்டது நியாயம். எங்கள் கரையில் பெண்கள் உடை மாற்ற இடமும், உப்புத் தண்ணீர் கழுவக் குழாயும், இருட்டினால் எரியும் விளக்கும் அந்தக் காசில் வந்தால், ஐந்து வெள்ளி கொடுக்க யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை அட்டை கொடுத்துவிடலாம் என்பது எளிய தீர்வாகத் தோன்றும். அதிலும் கவனம் வேண்டும். கலிபோர்னியாவில் 1976ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டத்துக்குப் பின், கரையோரத் தெருக்களைக் குடியிருப்போருக்கே ஒதுக்கும் திட்டங்களைக் கடற்கரை ஆணையம் சுலபத்தில் விடுவதில்லை. கரைக்கு எதிரே வீடு வாங்கியதால் கடலும் தன்னுடையது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதே காரணம். இங்கேயும் அலை ஏறி இறங்கும் நிலம் மாநிலத்தின் சொத்து. கரையோர அடுக்குமாடியில் வீடு வாங்கி மாதம் ஒருமுறை வந்துபோகும் பணக்காரருக்கு அட்டை கிடைத்து, ரந்தாவிலிருந்து ஆடி அமாவாசைக்கு எள்ளோடு வரும் குடும்பத்துக்குக் கிடைக்காவிட்டால், பழைய கிராணி வேறு உடுப்பில் திரும்பிவந்த மாதிரிதான்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ஊராட்சி மன்றத்திடம்தான், ஆனால் அதற்கான தேர்தல் இந்த நாட்டில் 1965இல் நிறுத்தப்பட்டது. நிலைமையை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வேறு வழியில் போனது. இன்றுவரை உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. அவர்களில் பெரும்பான்மையோர் அந்த வட்டாரத்திலேயே வசிப்பவர்களாக இருக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்வது ஒரு பிடிமானம். அக்காவும் அவள் மகனும் சந்துப் பெரியவரும் ஓட்டுப் போட்டு மாற்றமுடியாத மன்றம், அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவாவது கடமைப்பட்டிருக்கிறது. கூப்பிடாவிட்டால் இவர்கள் போய்க் கதவைத் தட்டவேண்டும்.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. சிரம்பானிலிருந்து இந்தக் கடலுக்கு 1891இலேயே ரயில் வந்தது, ஏறக்குறைய 39 கிலோமீட்டர். ஈயம் ஏற்றவே போட்ட பாதை என்றாலும் ஆள்களும் அதில் வந்தார்கள். இன்று அதில் பயணிகள் ரயில் ஓடுவதில்லை. காடி இல்லாதவருக்குக் கரைக்கு வர நல்ல வழி செய்யாமல், காடியில் வருகிறவர்களை எங்கே நிறுத்துவது என்று மட்டும் நாம் அடித்துக்கொள்கிறோம். கட்டணக் காசில் ஒரு பங்கு, ஞாயிற்றுக்கிழமை சிரம்பானிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் ஓடும் பஸ்ஸுக்குப் போகட்டும். இப்போது தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியப் பிள்ளைகளும் அதில் வரட்டும். அவர்களும் கடலைப் பார்க்கவேண்டியவர்கள்தான்.

கடைக்காரர்கள் இப்போது ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வார நாளில் கட்டணம் வேண்டாம், விடுமுறை நாளில் முதல் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவும் அதற்குமேல் கூடுதலாகவும் வாங்கலாம், காலை ஒன்பதுக்கு முன்னால் யாரிடமும் வாங்கக் கூடாது. இந்தக் கடைசி வரி அக்கா சொல்லி எழுதியது. விடியலில் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களை நினைத்துச் சொல்லியிருக்கிறாள். அட்டையை வீட்டு முகவரி பார்த்துக் கொடுக்காமல் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்ற வரியை மருமகன் சேர்த்தான். சந்துக்காரர்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தங்கள் வீட்டு வாசலுக்கு மஞ்சள் கோடு வரும் என்று எழுதினால்தான் போடுவோம் என்கிறார்கள். வரும் ஞாயிறு கடை அடைத்த பிறகு, அந்த டயாலிசிஸ் பெரியவர் வீட்டில் உட்கார்ந்து பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது.