டே, டீ, டாஸ்

நேற்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து ஒரு டீ கேட்டேன். கேட்டது தமிழில், கேட்டது அக்கா மகளிடம், கேட்ட இடம் குமுளி. இதில் இலக்கணப் பிழைக்கு எங்கே இடம்?

"டீ-ன்னா பொம்பளைப் பேருக்கு முன்னாடி வர்றது மாமா. நீங்க குடிக்கிறது டே. அதுவும் ஆம்பளை. டேர் டே."

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். டீயும் வரவில்லை, டேயும் வரவில்லை. நாற்பது வருஷமாக நான் குடித்துக்கொண்டிருப்பது ஓர் ஆண்பிள்ளையை என்று தெரிந்த பிறகு எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒன்று நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் படித்துக்கொண்டுதான் இருக்கும். 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மனியின் வேலைவாய்ப்பு அமைப்போடு நர்சுகளை அனுப்ப 'டிரிபிள் வின்' ஒப்பந்தம் போட்டாலும் போட்டது, வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்திலிருந்து பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை வரை ஜெர்மன் பரீட்சையில் பி-ஒன் பாஸா என்பதுதான் குசல விசாரிப்பு. அந்தக் காலத்தில் துபாய்க்குப் போனவர்களும் வேற்று மொழி பேசும் ஊருக்குத்தான் போனார்கள். போகுமுன் வீட்டுக் கட்டில் ஆணா பெண்ணா என்று யாரும் விசாரித்ததில்லை.

ஸ்டிக்கர் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நீலம் டேர், சிவப்பு டீ, பச்சை டாஸ். எங்கள் பிரிட்ஜ் நீலம், கதவு சிவப்பு, ஜன்னல் பச்சை. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேல் சிவப்பு ஒட்டியிருக்கிறது. 'கூட்டுக்கா, கண்ணாடிக்கா' என்று கேட்டதற்கு, கண்ணாடிக்காம், கூட்டுக்கு வேறு வார்த்தை வேறு பாலாம். நல்லவேளை, என் மேல் இன்னும் ஒட்டவில்லை. வாயால் மட்டும் ஒட்டினாள்: தலை ஆண், மூக்கு பெண், கண் ரெண்டும் அஃறிணை, வாய் ஆண், அந்த வாய்க்குள் இருக்கிற நாக்கு பெண், அதைச் சுற்றி நிற்கிற பல் ஆண். மீசை ஆண்பால் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழுக்கை பெண்பாலாம். டீ கிளாட்ஸே. அதற்குமேல் கேட்கவில்லை.

இந்தப் பால் விவகாரத்தைச் சுலபமாக மனப்பாடம் செய்ய ஒரு வழி இருக்கிறது. கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அதற்குமுன் ஒரு நியாயம் கேட்க வேண்டும். 1706-ல் ஜெர்மனியிலிருந்து சீகன்பால்க் என்ற பாதிரியார் தரங்கம்பாடியில் வந்து இறங்கித் தமிழ் படித்தார். படித்த கையோடு 1716-ல் ஹாலே நகரத்தில் தமிழ் இலக்கணமே அச்சிட்டுவிட்டார். அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது? ஆசாமி கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் பால் படிக்க ஒரு காலைப்பொழுது போதுமே. மனுஷரும் சாமியும் உயர்திணை, மிச்சமெல்லாம் அஃறிணை. போய்ச் சாப்பிடலாம். மலையாளம் இன்னும் தாராளம், வினைச்சொல்லில் அந்தத் தொல்லையையே எடுத்துவிட்டார்கள். அவனும் வந்நு, அவளும் வந்நு, கட்டப்பனை பஸ்ஸும் வந்நு. இப்படி வீட்டில் ஒன்றும் பள்ளிக்கூடத்தில் ஒன்றுமாகச் சுகமாக வளர்ந்த எல்லைப்புறத்துப் பிள்ளையைப் பிடித்து, கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி ரெண்டும் இல்லை என்றால் அது என்ன செய்யும்? டாஸ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது காசைச் சுண்டுவது. அதையாவது செய்யலாம் என்றால் காசுக்குப் பக்கம் இரண்டு, பாலோ மூன்று.

இளம்பெண்ணைக் குறிக்கும் 'மேட்ஷன்' என்ற சொல்லும் டாஸ்தான் என்று அறிந்து இவள் ஒரு நாள் முழுக்கக் கொதித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பஜாரில் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டால் 'அது ஊருக்குப் போயிருக்கு' என்று சொல்லாத ஆம்பளை குறைவு.

என் ஆத்திரமெல்லாம் அஞ்சறைப்பெட்டியில்தான் ஆரம்பிக்கிறது. மிளகு அறைக்கு நீலம் ஒட்டியிருந்தாள். டேர் பிஃபெஃபர். திப்பிலியின் வடமொழிப் பெயர்தான் கிரேக்கம், லத்தீன் என்று ஊர் ஊராகச் சுற்றி அங்கே போய் பிஃபெஃபர் ஆனது. இங்கிருந்து மூட்டை கட்டிப் போனபோது அதற்கு மீசை கிடையாது. இஞ்சியும் அப்படியே. 'இங்வர்' என்று பேரை மாற்றி ஆணாக்கி வைத்திருக்கிறார்கள். மாங்காய் இங்கே வெறும் காய். போர்ச்சுக்கீசியன் கப்பலேற்றி மங்கா என்றான், ஜெர்மன்காரன் வாங்கி மாங்கோ என்றான், அத்தோடு டீ சேர்த்துப் பெண்ணாக்கிவிட்டான். மல்லுக்கு நின்று மாங்காயைப் பெண்ணாக்கியவனுக்கு வாழைப்பழத்தை விட்டுவைக்க மனசு வருமா? அதுவும் பெண். பலாப்பழத்தைப் பற்றி நான் விசாரிக்கவில்லை, அந்த மரத்தடியில்தான் நான் தினம் உட்காருகிறேன். சட்னி டாஸ், ஏதோ கண்ணியம். நம் கறி அங்கே போய்க் கரி என்றாகி, சமயத்துக்கு டாஸ், சமயத்துக்கு டேர். தயிருக்கு 'யோகுர்ட்' என்பார்கள். அதற்கு டேர் என்றாலும் சரி, டாஸ் என்றாலும் சரி, ஆஸ்திரியாப் பக்கம் போய் டீ என்றாலும் சரியாம். மூன்றும் சரியென்றால் பிறகு எதற்குப் பரீட்சை?

இருக்கட்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஏலக்காய் அறையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத்தான் பொறுக்க முடியவில்லை. நீலத்தில் பாதி, பச்சையில் பாதி, கத்தரியால் வெட்டி ஒட்டுப் போட்டிருந்தாள். கார்டமோம். டேர் அல்லது டாஸ். டூடன் அகராதியிலேயே அப்படித்தான் இருக்கிறதாம். 1880-லிருந்து பதிப்புப் பதிப்பாகப் போட்டுக்கொண்டிருக்கும் அகராதி, ஒரு காய் விஷயத்தில் முடிவுக்கு வர முடியாதா? கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் மெட்டு ஏறி வருகிற பெண்கள், செடித் தூருக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ளி எடுக்கிறார்கள். விரலெல்லாம் கறை. அதை ஸ்டோரில் ராத்திரி முழுக்க வாட்டி, தேய்த்து, சல்லடையில் போட்டு எட்டு எம்எம் தனி, ஏழு தனி என்று பிரித்து, புத்தடியிலும் போடியிலும் மாறி மாறி ஏலத்துக்கு விடுகிறோம். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வியாபாரி மூஞ்சியைச் சுளிப்பான். இங்கே அவ்வளவு துல்லியம். வாங்கித் தின்கிறவன் வீட்டில், ஆணாகவும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மலையில் நாங்கள் அதை ஏலக்காய் என்றுகூடச் சொல்வதில்லை. காய் என்போம், அவ்வளவுதான்.

இந்த எரிச்சலில்தான் எதிர்க்கேள்வி கேட்டேன். "அணைக்கு என்ன பால்?"

அதற்கு இரண்டு சொல்லாம். ஷ்டாவ்டாம் என்றால் ஆண், டால்ஷ்பெரே என்றால் பெண். 1895-லிருந்து நிற்கிற முல்லைப்பெரியாறுக்கு இரண்டு மாநிலமும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். 2014-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடி என்று சொன்னதே, அந்தத் தண்ணீருக்கு? டாஸ் வாஸர். அஃறிணை. எந்தப் பக்கமும் சேராது. ஜெர்மன்காரன் யோசித்துச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் உருப்போட்டு முடித்த பிறகு வேற்றுமை வரும். அங்கேதான் அநியாயம். 'அந்தப் பெண்ணுக்கு உதவுகிறேன்' என்று ஒரு நர்ஸ் தினம் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது பெண்ணுக்கு முன்னால் இருந்த டீ போய்விடும். பதிலுக்கு யார் வருவார் தெரியுமா? டேர். இத்தனை நாள் ஆம்பளை ஆம்பளை என்று பிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தோமே, அதே டேர். ராத்திரி பதினொரு மணிக்கு இவள் இதைச் சத்தம் போட்டுப் படிக்க, அக்கா பூஜை அறையிலிருந்து, "சாமி கும்பிடவிடுங்கடீ" என்கிறாள். டீ மட்டும் அந்த வீட்டில் சரியாக விழுந்தது அப்போதுதான்.

நர்ஸுக்கே அங்கே பேர் மாறிவிட்டது. முன்பு நம் ஆஸ்பத்திரி சிஸ்டர் மாதிரி கிராங்கன்ஷ்வெஸ்டர் என்று இருந்தது. 2020-லிருந்து புதிய படிப்பு முடித்து வருகிறவர் ஃப்ளேகெஃபாக்ஃபிராவ். கட்டிலிலிருந்து நோயாளி அதை முழுசாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் காய்ச்சல் இறங்கிவிடும். காய்ச்சல் டாஸ். இருமல் டேர். ஊசி டீ. பிள்ளை பாவம், ஒன்று விடாமல் சொல்கிறது. அடுத்த மாதம் கொச்சியில் பரீட்சை.

சுலப வழி சொல்கிறேன் என்றேன் அல்லவா. அதை அவளிடமே கேட்டேன். "பெயரைத் தனியாப் படிக்கக் கூடாது மாமா, டேர் டீ டாஸோட சேர்த்தே படிக்கணும்" என்றாள். இது வழியில்லை, தண்டனை. ஆகவே அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

தேக்கடிக்குப் படகுச் சவாரி வந்துவிட்டு அப்படியே பஜாரில் மசாலா வாங்க நுழையும் ஜெர்மன் விருந்தாளிகளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். ஏலக்காய் கேட்கும்போது டேரா டாஸா என்று புருஷனும் பெண்டாட்டியும் வெளியிலேயே பேசி முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். என் கடையில் இரண்டுக்கும் ஒரே விலைதான்.