அனுப்பாமை என்னும் வணிகநெறி

வணிகத்தின் முதிர்ந்த நிலை, பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளை அனுப்பாமல் இருப்பதே ஆகும். இதில் கிடங்கு வாடகையோ கூரியர் செலவோ இல்லை என்பதோடு, வந்த பொருள் உடைந்திருந்தது என்று எந்த வாடிக்கையாளரும் குறைகூற வழியில்லை. தாராவியின் தோல் தொழிலாளர்கள் இன்னும் பையைத் தைத்துக் கையில் கொடுக்கிறார்கள்; மாட்டுங்காவின் பூக்கடைகள் மல்லிகையை முழம்போட்டு அளக்கின்றன; பிற்போக்குதான்.

இப்படிப்பட்ட மும்பைக்கு 2021 ஜூனில் புதுநெறி கற்பிக்கப்பட்டது: மதுபானத்தை வீட்டுக்கே வரவழைக்க நடிகை ஷபானா ஆஸ்மி முன்கூட்டியே பணம் செலுத்த, சரக்கும் வரவில்லை, தொலைபேசியையும் எவரும் எடுக்கவில்லை, பெற்றுக்கொண்டவர்கள் ஒரு கடையின் பெயரை இரவல் வாங்கியிருந்தவர்கள் என்பது பின்னரே தெரிந்தது. இந்நெறியின் முன்னோடியாக நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் நிறுவனத்தையும் போற்றவேண்டும். 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று அது இணையத்தில் அறிவித்தபோது, செய்தியாளர்களுக்குக் காட்டிய மாதிரியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் ஒயிட்னர் பூசி மறைக்கப்பட்டிருந்தது. இச்சிக்கனத்தை ரசிக்கத் தெரியாத மும்பை நாடாளுமன்ற உறுப்பினர் கிரித் சோமையா புகார் கொடுத்தார், மோசடி வழக்கும் பதிவானது.

சட்டமும் இத்துறையை மறக்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் அமர்ந்த சட்டம், தன் 318(4) பிரிவில் ஏமாற்றிச் சொத்தை ஒப்படைக்கச் செய்வோருக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆக, இவ்வணிகத்திலும் ஒப்படைப்பு தவறாமல் நடக்கிறது, அதைச் செய்பவர் வாங்குபவர். அவர் உடனே அழைக்கவேண்டிய இணையக் குற்ற உதவி எண் 1930.