கையில் நோட்டு, முதுகில் சிலை

அக்கா மகள் படிக்கும் பள்ளியில் எட்டாம் வகுப்பை மதுரைக்கு அழைத்துப்போய், ஒரு சிற்பக் கூடத்தைக் காட்டிக் கூட்டிவந்தார்கள். மறுநாள் காலை, காபி ஆறுவதற்குள், அந்தப் பெண் கோடு போட்ட நோட்டோடு, ராஜபாளையத்தில் இதை எழுதுகிறவர் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“மாமா, பாத்ததைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு வைக்கணும்.”

“சரி, என்னத்தப் பாத்தே? சொல்லு.”

“நோட்டுல இருக்கு.”

நோட்டில் இருந்தது: ‘வெங்காயச் சிலை, கி.பி. 21-ஆம் நூற்றாண்டு.’

வெண்கலம் எப்படி வெங்காயம் ஆயிற்று என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வகுப்போடு வரிசையில் போன எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதை எழுதுகிறவருக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, ஆகவே விளக்கத்தான் போகிறார். இந்தத் தொல்லைக்கு அவரிடம் ஓர் அருமையான யோசனையும் இருக்கிறது. உண்மையில் அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன் வரிசை.

வரிசையின் தலையில் வகுப்பு லீடர். பெயர்ப்பலகை அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ‘நடராசர், வெண்கலம், கி.பி. 12-ஆம் நூற்றாண்டு’ என்று பிசகாமல் எழுதிவிடுகிறாள். இரண்டாமவள் பலகையைப் பார்ப்பதில்லை, லீடரின் நோட்டைப் பார்க்கிறாள். மூன்றாமவள் இரண்டாமவளின் நோட்டை. நாலாமவளுக்கு மூன்றாமவளின் முழங்கைதான் தெரிகிறது, எனவே காதில் விழுந்ததை எழுதுகிறாள். அதற்குள் சார் “நகரு, நகரு” என்கிறார். ஏழாம் நோட்டில் நடராசருக்கு இனிஷியல் முளைத்துவிடுகிறது. பத்தாம் நோட்டில் 12 புரண்டு படுத்து 21 ஆகிறது. அதாவது சோழர்கள் அந்தச் சிலையைப் போன வருடம்தான் வார்த்தார்கள். எழுத மேசை கிடையாது, முன்னால் நிற்பவளின் முதுகுதான் மேசை. முதுகைக் கொடுத்தவள் ஆடக்கூடாது, குனிந்தே நிற்கவேண்டும். அந்தக் கூடம் முழுக்க அவள் கண்டது மொசைக் தரை. கொஞ்சம் உயரமான பெண்ணாகப் பிறந்துவிட்டால் அவள் முதுகு யாருக்கும் எட்டாது. அவள் மட்டும் நிமிர்ந்து ஒரு சிலையின் முகத்தைப் பார்த்துவிடும் அபாயம் உண்டு. “அங்க என்ன வேடிக்கை, எழுது” என்று சார் உடனே காப்பாற்றிவிடுகிறார்.

வரிசையின் வாலில் நிற்பவர்கள் நிலைமை வேறு. தலை நடராசரிடம் நிற்கும்போது வால் தீயணைப்புக் கருவியிடம் நிற்கிறது. அதிலும் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. விடுவார்களா? பொருள்: இரும்பு. நிறம்: சிவப்பு. காலம்: அடுத்து நிரப்ப வேண்டிய தேதி. பி செக்சன் பையன் ஒருவன் முதலுதவிப் பெட்டியில் ஆரம்பித்து ‘காலணிகளை இங்கே விடவும்’ வரை முழுக் கூடத்தையும் முடித்துவிட்டான் என்று கேள்வி. நோட்டு நிரம்பியிருந்ததால் அவனுக்குப் பாராட்டும் கிடைத்ததாம்.

சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கண் தலைகளின்மேல் இருக்கிறது. ஏற்றிய எண்ணிக்கையும் இறக்கிய எண்ணிக்கையும் ஒத்துப்போனால் சுற்றுலா வெற்றி.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் ஒரு படைப்பின்முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் இருவரும் கணக்கெடுத்து 2001-இல் வெளியிட்டார்கள். சராசரி 27.2 வினாடி. காசு கொடுத்து விமானமேறிப் போகிறவர்கள் நிற்கும் நேரம் இது. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கல் மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சிலவற்றை வெறுமே பார்க்கவும் சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்த பொருள்கள்தான் அதிகம் மறந்துபோயிருந்தன. 2014-இல் வந்த ஆய்வு. பலகையைப் பார்த்து எழுதினால் என்ன ஆகும் என்பதை அந்த அம்மையார் சோதிக்கவில்லை. அந்தக் குறையை எட்டாம் வகுப்பு தீர்த்துவிட்டது.

ஹார்வர்டில் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் என்றொரு பேராசிரியர் இருக்கிறார். ஒரே ஓவியத்தின்முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்திரு என்று மாணவர்களிடம் சொல்கிறவர். அவரே அப்படி உட்கார்ந்தும் பார்த்தார், ஜான் சிங்கிள்டன் காப்ளி 1765-இல் வரைந்த, அணிலோடு இருக்கும் பையனின் படத்தின்முன். பையனின் காது மடலும் அணிலின் வயிற்று ரோமமும் ஒரே வளைவில் இருப்பது அவர் கண்ணில் பட ஒன்பது நிமிடம் ஆயிற்றாம்.

மூன்று மணி நேரம்! அக்கா மகளின் வகுப்புக்கு அதற்குள் கூடம், புளிசாதம், வளையல் கடை, ஒருத்தி தொலைந்து கிடைத்தது, எல்லாமே முடிந்துவிட்டது.

யோசனைக்கு வருவோம். ராஜபாளையத்திலிருந்து மதுரை எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு. அங்கே ஆண்டாள் கோயில் கொடிமர மண்டபத்தின் தூண்களில் ரதியும் மன்மதனும் வேணுகோபாலரும் வீரபத்திரரும் நாயக்கர் காலத்திலிருந்து ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். மதுரையில் மகால் கட்டிய திருமலை நாயக்கருக்கு (ஆட்சி 1623 முதல் 1659 வரை) அந்த ஊரிலும் ஓர் அரண்மனை உண்டு. வடபத்ரசாயி சந்நிதியின் முன்னால் பதினொரு நிலைக் கோபுரம், 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பது ஊர் வழக்கு. 1949-இல் முத்திரையை வரைந்த ஆர். கிருஷ்ணாராவ் மனதில் வைத்திருந்தது மதுரை மேலக் கோபுரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்தப் பேச்சை ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் எடுக்காதீர்கள். ஊர் திரும்ப முடியாது.

இவ்வளவு இருந்தும் எந்த வகுப்பும் அந்தத் தூண்களின்முன் உட்காருவதில்லை. காரணம் எளிது. அது பலகை மாட்டிய கூடம் அல்ல, கோயில். பலகை இல்லாத இடத்தில் பிள்ளைகள் எதைப் பார்த்து எழுதுவார்கள்? ஆண்டாளின் இடக்கைக் கிளி நிலைமை இன்னும் மோசம். தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூவில் மூக்கு, இலையில் உடம்பு, அத்தனையும் கைவேலை. நேற்றைய கிளி இன்றைக்கு இல்லை. எந்த நூற்றாண்டு என்று எழுதுவது?

ராஜபாளையத்துக்காரர்களுக்குக் கலை ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்த ஊரின் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னையில் முதலமைச்சராக இருந்தவர், சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் பதவியில் இருந்த 1951-இல்தான் எழும்பூரில் தேசியக் கலைக்கூடம் தொடங்கியது. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறந்த செங்கல்நிறக் கட்டடம், உள்ளே ரவிவர்மா ஓவியங்கள். பிற்காலத்தில் கட்டடம் பழுதென்று வருடக்கணக்கில் பூட்டிவைத்தார்கள். அந்த வருடங்களில் சென்னையில் படித்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள், ஒரு கூடத்துப் பலகைகள் மிச்சம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அக்கா மகள் கேட்டாள்: “இதையும் எழுதணுமா மாமா?”

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வகுப்புகள் போவதே இல்லை என்று சொன்னால் அது பொய். குற்றாலம் போய்த் திரும்பும் வண்டிகள் எல்லாம் அங்கே நிற்கின்றன, பால்கோவாக் கடை வாசலில். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், நிற்காமல் போக முடியுமா? அகன்ற கடாயில் பால் கொதித்து, சுண்டி, துடுப்பில் ஒட்டத் தொடங்கும் வரை பிள்ளைகள் கண்ணிமைக்காமல் நிற்கிறார்கள். நிறம் எப்போது மாறியது, சர்க்கரை எப்போது விழுந்தது, ஓரத்தில் ஒட்டியதை எத்தனை தடவை வழித்தார்கள், எதைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே ஒருவரும் நோட்டை எடுப்பதில்லை. “நகரு” என்று சொல்லவேண்டிய சாரும் வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்.

பக்கத்து ஊர்த் தூண்களைக் காட்டலாமே என்று இதை எழுதுகிறவர் ஓர் ஆசிரியரிடம் கேட்டும் பார்த்தார். “கோயில்தானே சார், அம்மா அப்பாவோட போய்க்கலாம். பத்துக் கிலோமீட்டருக்கு டூர்னு போட்டா யார் சார் பணம் கட்டுவா?” என்றார் அவர். அடுத்த வருடம் மைசூராம். அங்கே ஜெகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மா ஓவியங்கள் இருக்கின்றன. சுற்றறிக்கையில் பிருந்தாவனம் இருக்கிறது, மிருகக்காட்சிசாலை இருக்கிறது, சாமுண்டி மலை இருக்கிறது. ஜெகன்மோகன் அரண்மனை இல்லை. முன்பணம் பத்தாம் தேதிக்குள் கட்டவேண்டுமாம்.